எண்ணெய் இட்ட கப்பிகள்

கீச்சிடும் கப்பிக்கு எண்ணெய் விடவேண்டும் என்பதை நான் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை. வடமராட்சியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கற்றேன். மூன்று வீட்டாருக்கு உரிய பங்குக் கிணறு அது. விடியற்காலையில் யார் தண்ணீர் அள்ளுகிறார்கள் என்பதைக் கப்பியின் ஓசையைக் கொண்டே என் தாயார் சொல்லிவிடுவார். ஓசை காதைக் கிழிக்கத் தொடங்கினால், தந்தையார் தமது சைக்கிளுக்கு விடும் எண்ணெய்க் குப்பியுடன் வருவார். இரண்டு சொட்டு விடுவார். கப்பி மௌனமாகிவிடும். அதே இரண்டு சொட்டை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர் டென்மார்க்கில் ஒரு படகின் கப்பிகளுக்கு விட்டேன். அதனால் நேர்ந்ததையே இங்கு எழுதுகின்றேன்.

நான் ஒரு கலைப் பட்டதாரி. 1991 தொடக்கம் 1999 வரை தமிழும் வரலாறும் கற்பித்தவன். 2000ஆம் ஆண்டு இந்நாட்டிற்கு வந்தபின், எம்மவரிற் பலரைப் போலவே, துப்புரவு வேலை, மீன் தொழிற்சாலை வேலை எனப் பலவும் செய்து, 2012இல் யூட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு படகுத் தரிப்பிடத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். ஒக்டோபரில் படகுகளைப் பாரந்தூக்கியினாற் கரையேற்றி, பாய்மரங்களை இறக்கி, குளிர்காலம் முழுவதும் அவற்றைப் பழுதுபார்த்து, வசந்தம் பிறந்ததும் மீண்டும் நீரில் இறக்கும் இடம் அது. பட்டச் சான்றிதழ் வீட்டில் ஒரு கோப்பினுள் இருக்கின்றது. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எதுவும் இல்லை. வாசகர்களுள் பலரிடமும் அத்தகைய கோப்பு ஒன்று இருக்கும்.

எங்கள் தரிப்பிடத்திற்கு வரும் படகுகளுள் ஒருவகை என் மனத்தை முதல் நாளிலேயே கவர்ந்தது. நடுவில் ஓர் உடல், இருபுறமும் சிறகுகள் போல இரண்டு ஒடுங்கிய மிதவைகள் கொண்ட மூவுடற் படகு அது. ஆங்கிலத்தில் அதனைத் ‘திறைமரன்’ என்பர். எமது கட்டுமரம் ஐரோப்பியர் வாயிற் புகுந்து ‘கற்றமரன்’ ஆயிற்று. இரட்டை உடற் படகிற்கு அப்பெயர் நிலைத்தது. பின்னர் உக்ரெயினிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்ரர் செச்செற் என்பவர் மூன்று உடல்களைக் குறிக்கும் முன்னொட்டை அதன் வாலுடன் ஒட்டித் ‘திறைமரன்’ என்று வழங்கினார் என்பர். எமது பழைய செய்யுள் வழக்கிலும் மரம் ‘மரன்’ என்று வருவதுண்டு. இந்த மகர னகர மயக்கத்தை ஒருநாள் தேநீர் வேளையில் என் சக தொழிலாளி ஒருவருக்கு விளக்க முயன்றேன். அவர் மிகுந்த பொறுமையுடன் கேட்டுவிட்டு, எனது பாணில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

விரிந்த நிலையில் இப்படகுகள் மிக அகலமானவை. 8 மீற்றர் நீளமான படகு ஏறத்தாழ 6 மீற்றர் அகலம் இருக்கும். துறைமுகத்தில் அவ்வளவு இடம் கிடைப்பது அரிது. தெருவில் இழுத்துச் செல்லவும் இயலாது. ஆகவே மிதவைகளை மடிக்கும் முறைகள் தோன்றின. நியூசிலாந்திற் பிறந்த இயன் ஃபாறியர் 1970களில், மிதவைகள் கீழிறங்கி நடு உடலோடு அணைந்துகொள்ளும் முறையை உருவாக்கினார். அவர் 2017இற் காலமானார். டென்மார்க்கில் குவோர்னிங் குடும்பத்தினர் கட்டும் ட்றாகன்ஃபிளை படகுகளில் மிதவைகள் கிடையாகப் பின்னோக்கிச் சுழன்று மடிகின்றன. பறவை சிறகைப் பின்னே ஒடுக்குவது போன்ற காட்சி. நான் கூறவந்த படகு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் வயதானது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஒரு தபாற்காரர். அப்போது அவருக்கு வயது 71.

மிதவையை விரிக்கும் கயிறு பல கப்பிகளின் வழியே வளைந்து வந்து விஞ்சிற் சுற்றப்படும். மடிக்கும்போது அதே கயிறு தளர்ந்து, அதே கப்பிகளின் வழியே தடையின்றி ஓடவேண்டும். ஒரு கப்பி ஓடாவிட்டாற் போதும். சிறகு பாதியில் நின்றுவிடும். பாயை இழுக்கும் கப்பிகளுக்கும் இப்படகில் வேலை அதிகம். ஒற்றை உடற் படகு பலத்த காற்றிற் சரிந்து கொடுத்துக் காற்றைச் சிந்தவிடும். மூவுடற் படகோ எளிதிற் சரியாது. காற்றின் வலு முழுவதும் கயிற்றிலும் கப்பியிலும் வந்து விழும்.

2016ஆம் ஆண்டு வசந்தத்தில் அப்படகின் பதினான்கு கப்பிகளையும் துப்புரவாக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. நன்னீரிற் கழுவினாற் போதும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். கழுவினேன். ஆயினும் சில கப்பிகள் கரகரத்தன. எனக்குள் இருந்த கிணற்றடிப் பையன் விழித்துக்கொண்டான். ‘இவர்களுக்கு என்ன தெரியும்’ என்று ஒரு நினைவும் எழுந்தது. அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் சமுத்திரங்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையை வகுப்பிற் சொல்லி வந்தவன் நான். அந்தக் கடற்கரைக்கு அருகிற் பிறந்தவனுக்குக் கப்பியைப் பற்றி ஒரு டெனிஷ்காரர் பாடம் சொல்வதா? இயந்திர எண்ணெயை எடுத்துப் பதினான்கு கப்பிகளுக்கும் தாராளமாக விட்டேன். யாவும் வழுக்கிக்கொண்டு சுழன்றன. எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

என் தவறு யாதெனின், இரண்டு வேறு சாதிக் கப்பிகளை ஒன்றென எண்ணியதே. எங்கள் கிணற்றுக் கப்பியும் பழைய பாய்க்கப்பல்களின் மரக்கப்பிகளும் ஓர் இரும்பு அச்சில் நேரே உராய்ந்து சுழல்பவை. அவற்றிற்கு எண்ணெயோ கொழுப்போ வேண்டும். இக்காலப் படகுக் கப்பிகளுட் பலவற்றில் சில்லுக்கும் அச்சுக்கும் இடையில் சிறு பிளாஸ்ரிக் குண்டுகள் வரிசையாக இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திற் தொழில் தொடங்கிய ஹார்க்கன் சகோதரர்கள் 1960களின் இறுதியிற் பரவச் செய்த முறை இது. அக்குண்டுகள் உலர்ந்த நிலையிலேயே உருளும். அவற்றிடையே எண்ணெய் புகுந்தால், கோடை முழுவதும் காற்றில் வரும் தூசியும் மணலும் உப்பும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் களிபோல இறுகும். குண்டு உருளாமல் அரையும். அரைந்த குண்டு ஒரு பக்கம் தட்டையாகும். தட்டையான குண்டு மேலும் உருளாது. சில்லு நின்றுவிடக் கயிறு மட்டும் அதன்மேல் அறுத்துக்கொண்டு ஓடும்.

ஓகஸ்ற் மாதத்தில் அது நிகழ்ந்தது. தபாற்காரர் தம் பேரனுடன் ஒரு சிறு தீவின் துறைமுகத்தினுள் நுழைந்திருக்கிறார். இந்நாட்டுத் துறைமுகங்களிற் பெரும்பாலும் இரண்டு தூண்களுக்கிடையிலேயே படகை விடவேண்டும் என்பதை வாசகர் அறிவர். நுழையுமுன் சிறகுகளை மடிக்கக் கயிற்றைத் தளர்த்தினார். இடது சிறகு மடிந்தது. வலது சிறகு பாதியில் நின்றது. கப்பியின் சில்லு இறுகி நிற்க, கயிறு பக்கவாட்டில் நழுவி, சில்லுக்கும் பக்கத்தட்டுக்கும் இடையிற் செருகிக்கொண்டது. பாதி விரிந்த படகைக் காற்றுத் தூணின்மேல் தள்ளியது. மிதவையைக் கையினால் தடுக்கப் பேரன் ஓடினான். பத்து வயதுப் பிள்ளை. கையை எடுத்துக்கொண்ட மறுகணம் மிதவை தூணில் மோதியது. மிதவையில் ஒரு முழ நீளத்திற்குக் கீறல் விழுந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த மறுகணத்தை நான் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

படகு எங்களிடம் திரும்பி வந்தபோது மேற்பார்வையாளர் கப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘பழசு, காலம் முடிந்துவிட்டது’ என்றார். தபாற்காரரும் தலையசைத்தார். கப்பியை என்னிடம் தந்து குப்பையிற் போடச் சொன்னார்கள். அதை மூக்கருகே கொண்டுசென்றேன். எண்ணெய் மணம் போகவில்லை. உள்ளே கறுத்த களி.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. வேலை போய்விட்டால், அந்த வயதில் மறுபடி எங்கே தேடுவது? மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. இரண்டு நாள்கள் வாய் திறக்காமல் இருந்தேன். என் வகுப்பில் உடைந்த யன்னற் கண்ணாடிக்கு உண்மை சொல்லாத பையன்களை வெய்யிலில் நிறுத்தியவன் நான். அவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றாம் நாள் இரவு மனைவியிடம் சொன்னேன். அவர் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். உரலை வைத்துவிட்டு, “அந்தப் பெடியன்ரை கை போயிருந்தா என்ன செய்திருப்பியள்?” என்று கேட்டார். வேறொன்றும் கூறவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடமும் தபாற்காரரிடமும் சென்று, என் அரைகுறை டெனிஷ் மொழியில், கழுவச் சொன்னீர்கள், நான் எண்ணெயும் விட்டேன், அதனாலேயே இறுகியது என்றேன். மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. தபாற்காரர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். பின்னர், “அப்படியானால் கம்பளத்தின் கீழ் ஒன்றும் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார்.

நீண்ட காலம் இங்கு வாழ்வோருக்கு விளக்கம் வேண்டியதில்லை. இளையோருக்காகச் சொல்கிறேன். 1987இல் அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹன்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்திற்கு மாறாகத் தடுத்து வைக்கச் செய்தார். கம்பளத்தின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் போல் ஷ்லூட்டர் 1989இல் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். விசாரணை அறிக்கை வேறுவிதமாக இருந்தது. 1993 ஜனவரியில் அவர் பதவி விலக நேர்ந்தது; 1995இல் அமைச்சர் தண்டனையும் பெற்றார். 1986இல் இங்கு வந்த என் தமையனார், அண்ணிக்காக அந்த நாள்களிற் காத்திருந்தவர்களுள் ஒருவர். தபாற்காரருக்கு இது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழன் ஒருவனைக் கண்டதும் அவருடைய நினைவில் எழுந்தது அந்தக் கம்பளமே. நானும் சிரித்தேன், கண்கள் கலங்கியதை அவர் வேறுவிதமாக விளங்கியிருக்கக்கூடும். “பதினான்கையும் நீங்களே திருத்துங்கள். நானும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன்” என்றார். மேற்பார்வையாளர் அதற்கு இசைந்தார். ஆனால் சம்பளமற்ற நேரத்தில். அது நியாயமென்றே நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தின் சனிக்கிழமைகளில் நானும் அவரும் ஒரு மேசையின் இருபுறமும் அமர்ந்தோம். கப்பியைத் திறக்குமுன் அதனைப் பரிசோதிக்கக் கற்றுக்கொண்டேன். ஓர் ஆணியில் தொங்கவிட்டு விரலாற் சுழற்றினால், நல்ல கப்பி நெடுநேரம் சுழன்று மெல்ல நிற்கும். கெட்டது திடுமென நிற்கும். சில்லை இருபுறமும் ஆட்டிப் பார்த்தால் அச்சுத் தேய்வு தெரியும். பள்ளத்தின் வழியே நகத்தை ஓட்டினால் கயிறு அறுத்த இடம் தட்டுப்படும். பக்கத்தட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். தொங்கும் கண்ணைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா என்பதை உருப்பெருக்குக் கண்ணாடியினாற் பார்க்கவேண்டும். பரீட்சைத் தாள் திருத்துவதைவிட இதற்குப் பொறுமை அதிகம் வேண்டும். ஆயினும் கப்பி தன் விடையை மாற்றி எழுதாது.

இறுகியவற்றை முதலில் இளஞ்சூடான நன்னீரில் ஓரிரவு ஊறவிட்டோம். கடலுப்பின் படிகங்களே இறுகியிருந்தால், பெரும்பாலும் அதுவே போதும். மறுநாள் கையால் முன்னும் பின்னும் ஆட்ட ஆட்டச் சில்லு இளகும். என் எண்ணெய்க் களிக்கோ பாத்திரம் கழுவும் சவர்க்கார நீர் மூன்று தடவை வேண்டியிருந்தது. பெற்றோல், தின்னர் போன்றவற்றைக் கிட்டவும் கொண்டுவரலாகாது. அவை பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும். வெண்ணிறப் படிவுகளுக்கு நீர் கலந்த வினாகிரி உதவும். ஆனால் அலுமினியத்தை அது அரிக்குமாதலால் சில நிமிடங்களிற் கழுவிவிடவேண்டும். சுத்தியலால் அடிப்பது எக்காரணம் கொண்டும் ஆகாது.

இரண்டு கப்பிகளில் அலுமினியச் சில்லு, துருப்பிடியா உருக்குக் குழாயின் மேல் ஒட்டிப்போயிருந்தது. இரு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிபட்டு வெண்பொடியாகி வீங்கும். அவற்றைக் கொதிநீரில் இட்டோம். வெப்பத்தில் உருக்கைவிட அலுமினியம் அதிகம் விரியும். ஆகவே சில்லின் துவாரம் சற்றுப் பெருத்து இறுக்கம் தளரும். இரண்டாம் தடவைக் கொதிநீரில் ‘டக்’ என்ற ஓசையுடன் ஒன்று கழன்றது. தபாற்காரர் எழுந்து கைதட்டினார். ஒன்று கடைசிவரை கழலவேயில்லை.

குண்டுள்ள கப்பியைத் திறப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. என் முதற் கப்பியின் குண்டுகள் மேசையெங்கும் சிதறி, இரண்டு பலகை இடுக்கிற் போயின. அதன்பின் மனைவியின் பழைய நைலோன் காலுறை ஒன்றினுள் வைத்தே திறந்தேன். கீழே தட்டத்தில் வெள்ளைத் துவாய் விரித்தேன். குண்டுகளை எண்ணி எழுதவேண்டும். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்க்கவேண்டும். நேரே உருள்பவை நல்லவை. தயங்கித் தயங்கி உருள்பவை தட்டையானவை. சிலவற்றைத் தட்டையாக்கியது என் எண்ணெய். வேறு சில, குளிர்காலம் முழுவதும் கயிற்றை இறுக்கியபடியே விட்டதனால் தட்டையானவை. அந்தக் குற்றம் தபாற்காரருடையது. அதை அவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்.

பதினொரு கப்பிகள் பிழைத்தன. கழலாத ஒன்று போயிற்று. எஞ்சிய இரண்டிற்கும் வந்தது ஒரு வழக்கு. ஒன்றின் கண்ணருகே வெடிப்பு; மற்றையது கயிறு செருகிய அதே கப்பி, அச்சு வளைந்திருந்தது. புதியது ஒவ்வொன்றும் பல நூறு குறோணர். ஓய்வூதியக்காரர் அவர். “அச்சுக்குப் பதிலாக ஒரு போல்ற் போட்டுத் தாருங்கள்” என்றார். போட என்னால் முடியும். முன்னைய நானாயிருந்தால் போட்டுமிருப்பேன். அன்று மாலை மகளிடம் தொலைபேசியிற் கேட்டேன். பொறியியல் படிப்பவள். “அப்பா, கயிறு எவ்வளவு திரும்புது எண்டு சொல்லுங்கோ” என்றாள். கயிறு கப்பியிற் சென்று அப்படியே எதிர்த்திசையில் திரும்பினால், கயிற்றில் 100 கிலோ இழுவை இருக்கும்போது கப்பியின் மேல் 200 கிலோ விழும். செங்கோணமாகத் திரும்பினால் ஏறத்தாழ 141 கிலோ. அந்த இரு கப்பிகளிலும் கயிறு முழுவதாகத் திரும்புகின்றது. இயல்பான போல்ற் ஒன்றின் புரி வெட்டப்பட்ட இடத்தில் அந்தப் பாரம் விழுந்தால் என்னவாகும் என்பதை அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, “இவ்விரண்டையும் திருத்த மாட்டேன்” என்றேன். டெனிஷ் மொழியில் யாவரும் ‘நீ’ தான். பதின்மூன்று வயது மூத்தவரை நீ என்று விளித்து மாட்டேன் என்று சொல்ல என் நாக்கு இன்றும் கூசும். அவர் கோபித்தார். இரண்டு கிழமை வரவில்லை. மூன்றாம் கிழமை பேரனுடன் வந்தார். சட்டைப்பையில் மூன்று புதிய கப்பிகள். பேரன் அவற்றை ஆணியில் தொங்கவிட்டுச் சுழற்றி, எது கூடுதலான நேரம் சுழல்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

அவருக்கு இப்போது எண்பது வயதாகின்றது. படகை ஓட்டுவது பெரும்பாலும் பேரன்தான். சென்ற ஒக்டோபரிலும் அது கரையேறியது. கப்பிகளைக் கழற்றி வாளி நன்னீரில் இட்டு மறுநாள் எடுத்துத் தொங்கவிட்டேன். பதின்மூன்று நன்றாகச் சுழன்றன. பதினான்காவது, வலது சிறகின் கப்பி, சிறிது கரகரத்தது. அதைக் காலுறையினுள் வைத்துத் திறந்தபோது குண்டுகள் இருபத்தாறும் சரியாக இருந்தன. இடையில் ஒரு மணற்பரல் இருந்தது.